அண்ணனிடம் வண்டி, தம்பியிடம் ரொட்டவேட்டர்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். நின்றுகொண்டு வந்த ஒருவர் தன் ஒயர்கூடையை என் காலடியில் வைத்துவிட்டு, "செத்த நேரம் பாத்துக்கோங்கம்மா" என்றார். டிரைவர் ஓரிடத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தார். கூடை சாய்ந்து, உள்ளே இருந்த டப்பாவின் மூடி கழன்று, என் சேலைக் கரையில் மஞ்சள் கிரீஸ் ஒரு பட்டையாக ஏறிக்கொண்டது. அவர் பதறிப்போனார். பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்தினார். நான் மட்டும் மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

இந்த வாசனையில்தான் என் முதல் வேலையே இருந்தது. பி.காம். முடித்த கையோடு ராஜபாளையத்தில் ஒரு டிராக்டர் ஷோரூமில் சேர்ந்தேன். தென்னை வரிசைகளுக்கு நடுவே நுழைந்து திரும்புகிற சின்ன டிராக்டர்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்த நேரம். மினி டிராக்டர் என்போம். அதை வாங்கியவர்களுக்கெல்லாம் போன் செய்து, "அண்ணாச்சி, உங்க வண்டிக்கு சர்வீஸ் வந்திருச்சு" என்று ஞாபகப்படுத்துவதுதான் என் வேலை. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத நான், ஏர் கிளீனர், ஃபேன் பெல்ட், கியர் ஆயில் என்று மனப்பாடம் செய்துகொண்டு, காலமெல்லாம் காடு உழுத அறுபது வயது சம்சாரிகளுக்குப் போனில் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் அவர்கள் பொறுமைசாலிகள் என்றுதான் தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

ஏனென்றால் ஒருவரும் வரமாட்டார்கள். சேத்தூரிலிருந்து பிளவக்கல் வரைக்கும் நான் போன் செய்யாத வீடில்லை. எல்லா ஊரிலும் பதில் ஒன்றுதான்.

"வண்டி நல்லாத்தானே பாப்பா ஓடுது. பொறவு எதுக்கு சர்வீஸு?"

நல்லா ஓடும்போதே பார்த்தால்தான் நல்லா ஓடும் என்று விளக்கத் தொடங்கினால், "காச்சல் இல்லாதவன ஆசுபத்திரிக்குக் கூப்பிடுதியே தாயி" என்று போனை வைத்துவிடுவார்கள். அதே வண்டி இரண்டு மாதம் கழித்து கரும்புகை கக்கி நடுக்காட்டில் நின்றுபோனால் அதே ஆள் கூப்பிடுவார். "ஏம்மா, என்ன வண்டிய எங்க தலையில கட்டிட்டீய" என்பார். எங்கள் மெக்கானிக் செல்லையா அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் ரேடியேட்டர் வலை முழுக்க சருகு அடைத்திருக்கும். ஒரு முறை ஏர் கிளீனரைத் திறந்தபோது உள்ளே குளவி மண்கூடு கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கொட்டு வாங்கி வீங்கிய கையோடு வந்த செல்லையா அண்ணன், "நீ போன் பண்ணி ஞாபகப்படுத்துன லட்சணம் இது" என்று என்னைத்தான் திட்டினார். எரிச்சல் யார்மேல் யாருக்கு என்றில்லாமல் எல்லார்மேலும் எல்லாருக்கும் இருந்த ஒரு வேலை அது.

ஆனாலும் சேத்தூர் அண்ணன் தம்பி கொடுத்த எரிச்சலுக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை.

அண்ணன் பெயர் முத்தையா, தம்பி பெயர் குருசாமி. இருவரும் சேர்ந்துதான் ஒரு மினி டிராக்டரை வாங்கினார்கள். அண்ணனுக்குச் சேத்தூர்க் கண்மாய்ப் பக்கம் தென்னந்தோப்பு. தம்பிக்கு மேற்கே மலையடிவாரத்தில் மாந்தோப்பு. வண்டியோடு மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் ஒன்றும், சாமான் ஏற்ற ஒரு டிரெய்லரும் வாங்கினார்கள். ஷோரூம் வாசலில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, இருவரும் ஒரே நேரத்தில் வண்டியைத் தொட்டுக் கும்பிட்டதை நானே பார்த்தேன். தம்பி மட்கார்டில் உட்கார்ந்துகொள்ள, அண்ணன் ஓட்டிக்கொண்டு போனார்.

எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்ட டிராக்டரில் ஒரு மீட்டர் உண்டு. மற்ற வண்டிக்குக் கிலோமீட்டர் மாதிரி, இதற்கு மணிக்கணக்கு. அந்த மணிக்கணக்கைப் பார்த்துத்தான் சர்வீஸ் சொல்வோம். முதல் சர்வீஸுக்கு நான் போன் செய்தபோது முத்தையா அண்ணாச்சி சொன்னார்.

"அது அம்புட்டும் தம்பி ஓட்டுன மணி. எம் மணியில இன்னும் சர்வீஸு வரல. அவனக் கேளு."

தம்பியைக் கேட்டேன். "அவிய தென்னந்தோப்புப் புழுதியில ஓட்டுனாவ. ஏர் கிளீனர் அவிய தூசியாலதான அடைச்சிருக்கு? அப்ப அவியதான வரணும்?"

ஒரு எஞ்சினுக்குள் அண்ணன் மணி தனியாகவும் தம்பி மணி தனியாகவும் ஓடும் என்று என் மனப்பாடத்தில் எங்கும் இல்லை. இருவரிடமும் மாறி மாறிப் பேசி எனக்குத் தொண்டை வற்றும். எப்படியோ கெஞ்சி முதல் சர்வீஸை முடித்தோம். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

நடந்தது என்னவென்று பின்னால் தெரிந்தது. தம்பி மழை ஈரத்தில் ஓட்டிவிட்டுக் கழுவாமல் கொண்டுவந்து விடுவார். சேறு காய்ந்து பாறையாகிவிடும். அண்ணன் ரொட்டவேட்டரைக் கல்லில் விட்டுக் கத்திகளை வளைத்துவிட்டு, போல்ட்டுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றித் தம்பிக்கு அனுப்புவார். கிரீஸ் அடிக்க வேண்டியது கடைசியாக ஓட்டியவரா, அடுத்து ஓட்டப்போகிறவரா? இது தீரவே தீராத வழக்கு. ஒரு புரட்டாசியில், மழைக்கு முன்னால் உழ வேண்டிய அவசரத்தில், வண்டி புகை கக்கி நின்றது. பக்கத்துத் தோப்புக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் தம்பியைப் பார்த்து, "ஒனக்கு ஓட்டத்தாம்ல தெரியும். வச்சுப் பாக்கத் தெரியாது" என்றார். தம்பிக்குக் குழந்தை இல்லை. அண்ணன் சொன்னது டிராக்டரைத்தான். ஆனால் அது தம்பியின் காதில் வேறு எங்கோ போய் விழுந்துவிட்டது. அன்று மத்தியானமே ரொட்டவேட்டரையும் டிரெய்லரையும் தன் தோப்புக்குக் கொண்டுபோய்விட்டார். வண்டி அண்ணன் வீட்டில் தங்கிவிட்டது.

எனக்கு இதைச் சொன்னது அவர்களுடைய தங்கை பேச்சியம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் காலையில் ஷோரூமுக்கு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து யார் வந்தாலும் கையில் பால்கோவா இருக்கும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு உண்டு. அவர் மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தது ஒரு கிரீஸ் கன். மூட்டுகளுக்குள் கிரீஸ் அடிக்கிற குழல், டிராக்டரோடு நாங்கள் கொடுத்ததுதான்.

"அண்ணனும் தம்பியும் இதுக்கு ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுத்தாக. ரெண்டு பேருக்கும் கெடையாதுன்னு நான் தூக்கிட்டு வந்துட்டேன். ஒரு வருசமா எங்க வீட்டுப் பரண்ல கெடக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வண்டி சேத்தூரில், ரொட்டவேட்டர் மலையடியில், கிரீஸ் கன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பரணில். இதில் நான் மாதாமாதம் போன் செய்து, "கிரீஸ் எல்லாம் கரெக்டா அடிக்கிறீங்களா அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இருவரும் கூசாமல், "அதெல்லாம் அடிக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவர் வந்த காரியம் வேறு. மகள் பெரியவளாகியிருந்தாள். சடங்குக்கு நாள் குறித்தாயிற்று. தாய்மாமன்கள் இருவரும் சீர் கொண்டுவர வேண்டும். தம்பி வந்தால் நான் வரவில்லை என்கிறார் அண்ணன். தம்பியும் அதையே சொல்கிறார்.

"ஒரு மாமன் வந்து ஒரு மாமன் வரலேன்னா எம் பிள்ளைக்கு அது காலத்துக்கும் சொல்லாப் போயிரும்மா. அவிய வேற யாரு சொல்லியும் கேக்கல. ஒங்க போன மட்டும் ரெண்டு பேரும் எடுக்காகளாமே" என்றார்.

எடுப்பார்கள்தான். எடுத்து என்னை வறுப்பதற்கு. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

அந்த மாதம் சேத்தூரில் இலவச சர்வீஸ் முகாம் ஒன்று நடத்துவதாக இருந்தோம். கண்மாய்க்குப் பக்கத்துப் பொட்டலில் ஒரு பந்தல் போட்டு, வண்டிகளை அங்கேயே பார்த்துக் கொடுப்பது. நான் இருவருக்கும் போன் செய்தேன். அண்ணனிடம் வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். தம்பியிடம் ரொட்டவேட்டரைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டையும் சேர்த்துப் பூட்டி ஓட்டிப் பார்த்தால்தான் கோளாறு தெரியும் என்றேன். பொய்யில்லை, உண்மையே அதுதான்.

"அவன் வாரானா?" என்றார் அண்ணன்.

"ரொட்டவேட்டர் வருது அண்ணாச்சி" என்றேன். இதுவும் பொய்யில்லை.

முகாமன்று காலையிலேயே குருசாமி அண்ணாச்சி பக்கத்துத் தோப்புக்காரருடைய டிராக்டரில் ரொட்டவேட்டரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் முத்தையா அண்ணாச்சி வண்டியோடு வந்தார். தம்பியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார் என்று பயந்தேன். அவர் இறங்கவே இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடி நேரே கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் பந்தலில் கிரீஸ் கன்னை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் கும்பாபிஷேகம் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

செல்லையா அண்ணன் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் வடித்துக்கொண்டிருந்தார். "நீங்களே பூட்டிருங்க. நான் வந்து பாக்கேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

ரொட்டவேட்டரைப் பூட்டுவது ஓர் ஆள் வேலை இல்லை. ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். இன்னொருவர் ரொட்டவேட்டர் பக்கத்தில் நின்று, வண்டியின் பின்புறம் நீட்டியிருக்கும் இரண்டு இரும்புக் கைகளும் அதன் முளைகளுக்கு நேரே வரும்படி சொல்ல வேண்டும். குருசாமி அண்ணாச்சி போய் ரொட்டவேட்டர் பக்கத்தில் நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அவியள செத்த பின்னால வரச் சொல்லு."

நான் வண்டிக்குப் பக்கத்தில் ஓடினேன். "அண்ணாச்சி, பின்னால வரணுமாம்."

"எம்புட்டுன்னு கேளு."

மறுபடி பின்னால் ஓடினேன். "எம்புட்டுன்னு கேக்காங்க."

"வரச் சொல்லு, பொறவு சொல்லுதேன்."

எஞ்சின் சத்தத்தில் எனக்குப் பாதி காதில் விழவில்லை. இந்தப் பொட்டலில் வெயிலில் இப்படி அஞ்சல்காரியாக ஓடுவதற்கா பி.காம். படித்தோம் என்று கோபம் கோபமாக வந்தது. இரண்டு மூன்று முறை ஓடியபின் யார் சொன்னதை யாரிடம் சொன்னேன் என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. வண்டி குதித்துப் பின்னால் வந்தது. அதன் ஒரு இரும்புக் கை ரொட்டவேட்டர் சட்டத்தில் மோத, அது சரிந்து குருசாமி அண்ணாச்சியின் காலை நோக்கி நகர்ந்தது.

"அண்ணே, நில்லு."

முத்தையா அண்ணாச்சி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிய வேகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. வேட்டி கியர் கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அவர் பார்க்கவில்லை. தம்பிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து காலைப் பிடித்துப் பார்த்தார்.

"பட்டுச்சாலே?"

"இல்லண்ணே. ஒரசிட்டுப் போயிருச்சு."

"வெறுங்காலோட வந்து நிக்க. செருப்புப் போட வேண்டாமா?"

"போட்டுத்தான் வந்தேன். அங்கன மரத்தடியில கெடக்கு."

பந்தலில் பேச்சியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். கிட்டே வரவில்லை. அண்ணன் எழுந்து போய்ச் சீட்டில் உட்கார்ந்தார். தம்பி செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். அதற்குமேல் நான் தேவைப்படவில்லை. "வா, வா, எடது பக்கம் ஒடி, இன்னும் செத்த, போதும்" என்று தம்பியின் குரல். கடப்பாரையால் நெம்பி ஒரு பக்கம் மாட்டினார்கள். மறுபக்கம் மாட்டினார்கள். வண்டியிலிருந்து ரொட்டவேட்டருக்கு சக்தி கொண்டுபோகிற ஷாப்ட் துருவேறி அசைய மறுத்தது. தங்கை கிரீஸ் கன்னைக் கொண்டுவந்து நீட்டினார். தம்பி அடியில் நுழைந்து முனையைப் பிடிக்க, அண்ணன் அடித்தார். பழைய கறுத்த கிரீஸ் பிதுங்கி வெளியே வந்து, அதன் பின்னால் புது மஞ்சள் வரும்வரை அடித்தார்கள். ரொட்டவேட்டர் கியர்பாக்ஸில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. அதற்கு உடனே ஒரு சண்டை தொடங்கியது. ஆனால் அந்தச் சண்டையை என் வழியாகப் போடவில்லை. நேருக்கு நேர் போட்டார்கள்.

சடங்கன்று நானும் போயிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவுக்குள் டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லர், அதில் வாழைத்தாரும் சீர்த்தட்டுகளும். அண்ணன் ஓட்டினார். தம்பி டிரெய்லரில் பட்டுப்புடவைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியைக் கழுவித் துடைத்திருந்தார்கள். ரேடியேட்டர் வலையில் ஒரு சருகுகூட இல்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் வாழ்க்கையில் உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு நன்றாக இறங்கியது.

அடுத்த சர்வீஸுக்கு நாள் வந்தது. மிகவும் உற்சாகமாக அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அது தம்பி ஓட்டுன மணி. அவனக் கேளு பாப்பா."

தம்பிக்குச் செய்தேன். ரொட்டவேட்டர் மறுபடி மாந்தோப்புக்குப் போயிருந்தது. சடங்கு முடிந்து ஊர் திரும்பிய மறுவாரமே டிரெய்லரைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டாராம். என்ன தகராறு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, அவிய சுபாவம் அப்படி" என்றார். போனை வைத்துவிட்டு நான் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். செல்லையா அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "ஒரு தடவ அடிச்ச கிரீஸு காலத்துக்கும் நிக்குமா? திரும்ப அடிக்கணும்லா" என்றார். அந்த நேரத்தில் அவர் தலையில் அந்த டீயைக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

திரும்பவும் அடித்துப் பார்த்தேன். அதற்கடுத்த முகாமுக்கும் இருவரையும் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. நான் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும்வரை மாதாமாதம் இருவருக்கும் போன் செய்தேன். இருவரும் எடுத்தார்கள். அண்ணன் தம்பியைப் பற்றிக் குறை சொல்வார், தம்பி அண்ணனைப் பற்றி. "அவன் கியரப் போட்டா கடகடன்னு சத்தம் வருமே, இப்பவும் வருதாக்கும்?" என்று வண்டி தன்னிடமே நிற்கும்போது அண்ணன் கேட்பார். வண்டியே இல்லாத தம்பி, "அவியகிட்ட ஃபேன் பெல்ட்ட மாத்தச் சொல்லு, அறுந்துரும்" என்பார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லிவிட்டு, எதற்கு இந்தப் பிழைப்பு என்று அலுத்துக்கொள்வேன்.

இப்போது அந்த ஷோரூம் இல்லை. அந்த இடத்தில் ஒரு பிரியாணிக் கடை. செல்லையா அண்ணன் திருப்பூர்ப் பக்கம் மகனோடு போய்விட்டார். டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்றைக்கு எங்கிருந்தோ ஒரு பதிவுசெய்த குரல்தான் போன் செய்கிறது. அதனிடம் அண்ணன் மணி, தம்பி மணி என்று யாரும் வழக்குப் பேச முடியாது. முத்தையா அண்ணாச்சி கால் முடியாமல், போலீஸில் இருக்கும் மகனோடு வேறு ஊரில் குவார்ட்டர்ஸில் இருப்பதாகக் கேள்வி. போவதற்கு முன்னால் தென்னந்தோப்பையும் வண்டியையும் விற்றுவிட்டார். தோப்பில் இப்போது மரம் இல்லை. பிளாட் கல் ஊன்றியிருக்கிறார்கள்.

குருசாமி அண்ணாச்சியை இந்த மாசியில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நரைத்துப் போயிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "போன் பாப்பாதான நீ?" என்றார். ரொட்டவேட்டர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். செட்டியார்பட்டிக்காரர் ஒருவர் வண்டியை வாங்கியபோது, அதற்குச் சேர்ந்தது என்று இதையும் கொடுத்துவிட்டாராம். கொடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து எல்லா இடத்திலும் கிரீஸ் அடித்து, கியர்பாக்ஸுக்கு ஆயில் ஊற்றினாராம்.

"இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம்ல அண்ணாச்சி" என்றேன். இத்தனை வருடத்து எரிச்சலும் என் குரலில் இருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"அண்ணன்கிட்டப் பேசுவீங்களா?" என்று கேட்டேன்.

சேத்தூர் பஸ் வந்து நின்றது. அவர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பேசுததுக்கு என்னம்மா இருக்கு. அப்பமாவது சண்டை போட ஒரு வண்டி இருந்துச்சு" என்றார்.